டால்ஃபினுக்குப் படுத்த வால்

தம்பி,

நீ வாட்ஸப்பில் அனுப்பிய கல்யாணப் பத்திரிகையின் மாதிரி வந்து சேர்ந்தது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, மேலே பிள்ளையார் சுழியிலிருந்து கீழே அச்சகத்தின் பேர் வரைக்கும் ஒரு எழுத்து விடாமல் படித்தேன். 'காலஞ்சென்ற' என்று போட்டு உன் அப்பா பேர். 'காலஞ்சென்ற' என்று போட்டு உன்னைப் பெற்ற அக்கா பேர். இவர்களின் குமாரன் என்று உன் பேர். அதற்குக் கீழே, நல்வரவை விரும்பும் வரிசையில் சேத்தியாத்தோப்பு மாமாவும் அத்தையும், பெரியப்பா வீட்டார், சித்தப்பா வீட்டார், இன்னும் யார் யாரோ. என் பேர் எங்கேயும் இல்லை. படத்துக்கு அடியில் நீ எழுதியிருந்தாய்: "சித்தி, உங்க பேரு எங்க வரணும்னு நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்றபடி போட்டுடுறேன். பிரஸ்ல காத்திருக்காங்க."

பிரஸ்காரர் கொஞ்சம் காத்திருக்கட்டும். இதையே நீ போனில் கேட்டிருந்தால், எங்கியாவது போடுப்பா, பேருல என்னா இருக்குது என்று சொல்லிப் பேச்சை முடித்திருப்பேன். அப்படிச் சொல்லிச் சொல்லியே எனக்குப் பழக்கமாகிவிட்டது. நீயும் அதை நம்பி நம்பிப் பழகிவிட்டாய். எழுதினால் அப்படிப் பாதியில் தப்பித்துக்கொள்ள முடியாது என்றுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நம் செராமிக் கம்பெனிக்கு லீவு. நேற்று சுட்ட சூளை ஆறிக்கொண்டிருக்கிறது, நாளைக்குத்தான் கதவைத் திறக்க முடியும். அதுவரைக்கும் எனக்கு வேறு வேலை கிடையாது.

உன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் சத்தம் போடுகிற பொருள்கள் குக்கர், தண்ணீர் மோட்டார், ஜங்ஷன் பக்கமிருந்து கேட்கிற ரயில், அவ்வளவுதான். ஒரு ஆளுக்கு ரசம் வைக்க எனக்கு இன்னும் கை வரவில்லை. வைத்தது மிஞ்சுகிறது, மறுநாளும் அதையே சாப்பிடுகிறேன். கம்பெனியில் பெண்கள் வேலை முடிந்து கிளம்பும்போது போயிட்டு வரேங்க்கா என்று ஒவ்வொருத்தியும் சொல்லிவிட்டுத்தான் போகிறாள். அந்தச் சொல்லுக்காகவே நான் கேட்டுக்குப் பக்கத்தில் ஏதோ வேலை இருப்பதுபோல நின்றுகொண்டிருப்பேன். குறை சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு அடித்துவிட்டேன். குறைதான் சொல்கிறேன். தனியாக இருக்கிறது தம்பி. வியாபாரம் நன்றாக நடக்கிறது, உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனாலும் தனியாக இருக்கிறது.

போன வாரம் சேத்தியாத்தோப்பு மாமா வந்திருந்தார். அக்காவின் அண்ணன், உனக்குத் தாய்மாமன், அந்த மரியாதைக்கு ஒரு குறையும் நான் வைத்ததில்லை. டீயைக் குடித்துவிட்டு, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகப் பேச்சை எடுத்தார். முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளை தன்னைப் பெற்றவர்களுக்குப் பாத பூஜை செய்ய வேண்டும் அல்லவா, அதற்கு அவரும் அத்தையும் ஜோடியாக மனையில் உட்கார்ந்துவிடுவதாக முடிவு செய்திருக்கிறார்களாம். "நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காதம்மா. உன்ன வாணாம்னு யாரு சொல்லப்போறாங்க? சபைன்னா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. பொண்ணு வூட்டுக்காரங்க வேற புதுசு" என்றார். தாலி இல்லாதவள் என்பதை அவர் சொல்லவில்லை, பெறாதவள் என்பதையும் சொல்லவில்லை. நல்ல மனிதர், சுற்றி வளைத்துத்தான் சொன்னார். நானும் அதற்கென்னங்க, அதுதானே முறை என்று சொல்லி இன்னொரு டீ போட்டுக் கொடுத்தேன். அவர் நிம்மதியாக பஸ் ஏறினார்.

நான் இந்த வீட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ. வேப்பூர்ப் பக்கம் மானாவாரிக் காட்டில் கம்பும் உளுந்தும் பார்த்து வளர்ந்தவள், செராமிக் கம்பெனிக்காரருக்கு இரண்டாம் தாரமாக வந்தேன். நீ மூன்றாம் வகுப்பு. அக்காவின் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாய். உன் பெரியம்மா உன் தலையைத் தடவி, இவங்கள சித்தின்னு கூப்புடணும் என்று சொல்லிக்கொடுத்தாள். நீ சொன்னபடி கேட்கிற பிள்ளை, அன்றைக்கே கூப்பிட்டாய். இன்றைக்கு வரைக்கும் அதே பேர்தான். நானும் முகம் பார்த்திராத அக்காவை அக்கா என்றே சொல்லி, வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் படத்துக்குப் பூ வைக்கிறேன். இதில் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. அவள் இடம் அவளுக்கு. என் இடம் எது என்பதுதான் யாரும் தீர்த்து வைக்காமல் விட்ட விஷயம்.

இப்போது உன் படிப்புக்கு வருகிறேன். கடலிலுள்ள உயிர்களை இனம் பிரிப்பதுதான் உன் வேலை, அதில் நான் போய் என்ன சொல்லப்போகிறேன் என்று நீ சிரிப்பாய். சிரி. ஆனால் அந்தப் படிப்பின் முதல் பாடம் நம் கம்பெனிப் பலகைமேல்தான் நடந்தது, நடந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

நம் கம்பெனி கடல் பொம்மைக்குப் பேர் போனது. மீன், சுறா, டால்ஃபின், கடல்குதிரை, கடல்கன்னி எல்லாம் கண்ணாடித் தொட்டிக்குள் போடவும் ஷோகேஸில் வைக்கவும் சென்னைக்குப் போகும். நான் அவற்றைப் பார்வைக்கு எது எதோடு ஒத்துப்போகிறதோ அப்படிச் சேர்த்துத்தான் பெட்டி கட்டுவேன். சுறாவும் டால்ஃபினும் ஒரு பெட்டி, ஏனென்றால் இரண்டும் நீள உடம்பு, முதுகில் ஒரே மாதிரித் துடுப்பு, பூசுவதும் ஒரே சாம்பல் நிறம். கடல்கன்னி தனிப்பெட்டி. நீ பிளஸ் ஒன் படித்த வருஷம், காய்கிற பலகையில் எல்லாவற்றையும் வரிசை மாற்றி வைத்துக்கொண்டிருந்தாய். ஏன்டா கலைக்கிறே என்று நான் சத்தம் போட்டதற்கு நீ மீனின் விலாவைக் காட்டினாய். துடுப்புக்குக் கீழே நகத்தால் கீறினதுபோல ஒரு சின்னக் கீறல். டால்ஃபினின் விலாவிலும் அதே இடத்தில் அதே கீறல். கடல்கன்னியின் இடுப்பிலும் அதே. சுறாவில் மட்டும் இல்லை.

அப்பாவிடம் கேட்டபோது அவர் சிரித்துவிட்டார். ஆரம்பத்தில் அவரிடம் இருந்தது மீனுக்கான தாய் உருவம் ஒன்றுதான். அது ஒரு நாள் மேஜையில் இடித்துக் கீறல் விழுந்துவிட்டது. அதன் மேல்தான் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுத்தார், அதனால் அந்த அச்சில் வார்த்த மீன் எல்லாவற்றுக்கும் கீறல் வந்தது. பிறகு டால்ஃபின் கேட்டு ஆர்டர் வந்தபோது, புதிதாக ஒன்றைச் செய்யச் சோம்பல்பட்டு, அதே மீன் உருவத்தில் மூக்கை நீட்டி, செதிலை மழித்து டால்ஃபின் ஆக்கினார். கடல்கன்னிக்கும் அதே மீனின் உடம்புதான், மேல்பாதியில் மட்டும் பெண்ணை ஒட்டவைத்தார். ஆக மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். சுறாவோ வேறொரு கம்பெனியிலிருந்து வாங்கி வந்த அச்சு. பார்ப்பதற்கு டால்ஃபின் மாதிரியே இருந்தாலும் நம் வீட்டுச் சொந்தம் இல்லை. பாதி பெண்ணாக இருக்கிற கடல்கன்னிதான் சொந்தம்.

உருவத்த பாத்து உறவு சொல்லக் கூடாது சித்தி, வழிவழியா வந்த அடையாளத்த பாக்கணும் என்று நீ அன்றைக்குச் சொன்னாய். பரிணாமம் என்கிற சொல்லை நான் முதல்முதலில் கேட்டது உன் வாயால்தான். காலம் ஓட ஓட உயிர்களின் உருவம் மாறும், மாறினாலும் முன்னோரிடமிருந்து வந்த கீறல் எங்கேயாவது தங்கிவிடும், அந்தக் கீறலை வைத்து யார் யாருக்குப் பங்காளி என்று கண்டுபிடிப்பதுதான் வகைப்பாடு. எனக்கு அன்றைக்குப் புரிந்தது இவ்வளவுதான், இன்றைக்கும் இதற்கு மேல் தெரியாது. நான் பேரை வைத்து இனம் பிரிக்கிறவளாக இருந்தேன். நட்சத்திர மீன் மீன் இல்லை, ஜெல்லி மீன் மீன் இல்லை, குதிரை என்று பேர் வைத்த கடல்குதிரை அசல் மீன், குழம்பு வைக்கிற கணவாய் நத்தைக்குப் பங்காளி என்று நீ ஒவ்வொன்றாக உடைத்துப் போட்டபோது எனக்குக் கோபம்கூட வந்தது. இத்தனை நாள் தப்பாகவா சாப்பிட்டோம் என்று கேட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

பிறகு கடல் படிப்புக்கென்று போனாய். அங்கே சேர்ந்த வருஷம் என்னை ஒரு முறை பரங்கிப்பேட்டைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனாயே, அந்த நாளை நான் எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சேத்தியாத்தோப்பில் இறங்கி, வெள்ளாற்றுப் பாலம் தாண்டி, புவனகிரி வழியாக இன்னொரு பஸ். அதுவரைக்கும் நான் கடலைப் பார்த்ததே கிடையாது என்பது உனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கடலை வர்ணிக்க எனக்கு வராது. பெரிசாக இருந்தது, எனக்குப் பயமாக இருந்தது, நீ என் கைப்பையை வாங்கிக்கொண்டாய்.

கரையில் கவிழ்த்து வைத்திருந்த படகின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. தொட்டால் கையைக் கிழிக்கிற சின்னச் சின்ன ஓடு. சிப்பிதானே என்றேன். இல்லை, இது இறாலுக்கும் நண்டுக்கும் சொந்தம் என்றாய். குஞ்சாக இருக்கும்போது தண்ணீரில் நீந்தித் திரியுமாம். பிறகு ஒரு இடம் பார்த்துத் தலையை ஒட்டவைத்துக்கொண்டு, சுற்றி ஓடு கட்டி, காலை ஆட்டி ஆட்டி இரையை வாயில் போட்டுக்கொண்டு அங்கேயே ஆயுசுக்கும் உட்கார்ந்துவிடுமாம். ஓட்டைப் பார்த்தால் சிப்பி என்று ஏமாறுவோம், குஞ்சைப் பார்த்தால்தான் இறால் வீட்டுப் பிள்ளை என்று தெரியும். துறைமுகக் கல்லில் ஒட்டியிருந்த இன்னொன்றைக் காட்டினாய், அமுக்கினால் தண்ணீர் பீச்சுகிற ஒரு தோல்பை. அதற்குக் கண் இல்லை, முகம் இல்லை, ஒன்றுமே இல்லை. அதன் குஞ்சுக்கு முதுகில் நம் முதுகெலும்புக்கு முன்னோடியான ஒரு நாண் இருக்கிறதென்றும், அதனால் நட்சத்திர மீனைவிட அந்தப் பைதான் மனிதர்களுக்குக் கிட்டத்துச் சொந்தம் என்றும் சொன்னாய். அந்தப் பையைப் பார்த்து நான் வணக்கம் சொன்னேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய்.

அதற்கப்புறம் டீக்கடை. கண்ணாடி டம்ளரில் டீ வந்தது. நான் வழக்கம்போல நகத்தால் டம்ளரை ஒரு தட்டுத் தட்டி, சத்தம் கேட்டுவிட்டு வாயில் வைத்தேன். சுட்டெடுத்த பொம்மையைத் தட்டிக் கேட்டு விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிறதே என் வேலை, அந்தப் பழக்கம் எந்தப் பாத்திரத்தை எடுத்தாலும் விடுவதில்லை. எதிரில் நீயும் நகத்தால் தட்டிவிட்டுக் குடித்தாய். கடைக்கார அம்மாள் அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "அம்மாவும் புள்ளயும் ஒண்ணு போல தட்டித்தான் குடிப்பீங்களா?" என்று கேட்டாள். நான் உன்னைப் பார்க்கவில்லை. நீ, இல்லைங்க, இவங்க எங்க சித்தி என்று சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ ஒன்றும் சொல்லாமல் டீயைக் குடித்தாய். அந்த டீயில் சர்க்கரை போட்டிருந்தார்களா என்றுகூட எனக்குத் தெரியாது தம்பி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து, நம் பெட்டியில் ஒன்றாகக் கட்டிய சுறாவையும் டால்ஃபினையும் பற்றி நீயாகவே பேச ஆரம்பித்தாய். சுறா மீன். டால்ஃபின் பால் கொடுக்கிற உயிர், மாட்டுக்கும் நீர்யானைக்கும் சொந்தம். அதன் முன்னோர்கள் தரையில் நாலு காலில் ஓடினவை. கடலுக்குத் திரும்பிப் போய், கால் துடுப்பாகி, பின்னங்கால் மறைந்து, அந்த இடுப்பெலும்பு மட்டும் வேறெந்த எலும்போடும் ஒட்டாமல் சதைக்குள் தனியாகக் கிடக்கிறது என்றாய். தரையில் பாய்ந்து ஓடின முதுகு மேலும் கீழுமாக வளையும், அதனால்தான் டால்ஃபினின் வால் படுத்தவாக்கில் இருந்து மேலும் கீழும் அடிக்கிறது. மீனுக்கு வால் நிமிர்ந்து நின்று பக்கவாட்டில் அடிக்கும். அப்படியென்றால் ரெண்டும் ஏன் ஒரே மாதிரி இருக்குது என்று கேட்டேன். நீ சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "ஒரே தண்ணியில ஒரே மாதிரி வேகமா நீந்தணும்னா உருவம் ஒண்ணாயிடும் சித்தி. தண்ணிதான் அப்படி செதுக்குது. ஆனா அத வெச்சி சொந்தம்னு எடுத்துக்கக் கூடாது."

நீ சுறாவைப் பற்றித்தான் சொன்னாய். எனக்குத் தெரியும். ஆனால் டீக்கடையிலிருந்து நான் மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்த ஒன்றை நீ அறியாமலே பிடுங்கிப் போட்டுவிட்டாய். ஒரே வீட்டில் இருந்தோம், ஒரே மாதிரி டம்ளரைத் தட்டுகிறோம், ஆனால் அதை வைத்துச் சொந்தம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. புவனகிரி தாண்டுகிற வரைக்கும் நான் தூங்குகிறவள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

அதற்காக உன் படிப்பின்மேல் எனக்கு வெறுப்பு வரவில்லை, நேர்மாறாகத்தான் நடந்தது. நீ கொச்சிப் பக்கம் வேலைக்குப் போன புதிதில் ஒரு நாள் சாயங்காலம் போன் செய்தாய். வலையில் ஒரு டால்ஃபின் மாட்டிச் செத்துவிட்டது என்றாய். மீனுக்கு விரித்த வலையில் கடலுக்குள்ளேயே இருந்த உயிர் எப்படிச் செத்தது என்று நான் கேட்டேன். அதுக்கு நம்மள மாதிரி நுரையீரல் சித்தி, மேல வந்து மூச்சு விட்டாகணும், வலை வுடல, முழுகிப் போச்சு என்று சொன்னாய். கடலாமைக்கும் அப்படித்தான், கடல் பாம்புக்கும் அப்படித்தான் என்றாய். அன்றைக்குத்தான் எனக்கு இந்த வகைப்பாடு எதற்கு என்று உறைத்தது. ஒரு உயிர் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தெரிந்தால், அது எப்படி மூச்சு விடும், குஞ்சுக்கு என்ன கொடுக்கும், எதற்குச் செத்துப்போகும் என்பதெல்லாம் பார்க்காமலே தெரிந்துவிடுகிறது. மீன்தானே என்று விட்டுவிட்டால் அது நம் கண்ணெதிரில் மூச்சுமுட்டிச் சாகும்.

அதற்கப்புறம்தான் டால்ஃபினுக்கு வாலைப் படுக்க வைத்தேன். உன் அப்பா இருந்தவரைக்கும் அதற்குச் சம்மதிக்கவே இல்லை. வால் நிமிர்ந்து இருந்தால் இரண்டு பாதி அச்சு போதும், உடையாமல் வரும், யாரு கவனிக்கப்போறாங்க என்பார். அவர் போன பிறகு நானே ஒரு தாய் உருவம் செய்து, மூன்று துண்டு அச்சு போட்டேன். முதலில் வார்த்ததெல்லாம் வால் முறிந்துதான் வெளியே வந்தன. அப்புறம் கை பழகிவிட்டது. சென்னைக் கடைக்காரர் போன் போட்டு, என்னாம்மா, வாலு சாஞ்சிருக்குது, சூளையில மடிஞ்சிப் போச்சா என்று கேட்டார். அதுதான் சரியான வால், பழசுதான் தப்பு, வேணும்னா வாங்குங்க, வாணாம்னா வுடுங்க என்று சொன்னேன். வாங்கினார். ஆனால் அதன் விலாவில் ஒரு கீறல் போட்டுத்தான் அச்சு எடுத்தேன். அப்பாவின் மீனிடமிருந்து வராத பொம்மைக்கு அந்தக் கீறல் போடுவது உன் கணக்கில் மோசடி. தெரிந்தேதான் போட்டேன்.

உனக்கு வரப்போகிறவளைப் பற்றியும் ஒரு வார்த்தை. புத்திமதி சொல்லாமல் விட்டால் இது என்ன கடிதம். அவள் வேறு வீட்டிலிருந்து வருகிறாள். உன்னோடு ஒரே தண்ணீரில் நீந்துவாள், கொஞ்ச நாளில் உன்னைப் போலவே பேசுவாள், உன்னைப் போலவே சிரிப்பாள். அதைப் பார்த்து இவளும் நம்மைப் போலத்தான் என்று நினைத்துவிடாதே. அவள் எப்போது மேலே வந்து மூச்சு விட வேண்டும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள். கேட்கிறவரைக்கும் பெண்கள் சொல்ல மாட்டார்கள். சொல்லாமலே இருந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதில் ஒருத்தி உனக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் பெண் போன மாதம் எனக்கு போன் செய்தாள். உன்னிடம் சொன்னாளோ என்னவோ. பேச்சுக்கு நடுவில், "அத்தை, இவர் எங்க வீட்டுக்கு வந்தப்ப, அம்மா காப்பி குடுத்தா டம்ளரைத் தட்டிப் பார்க்கிறார். எங்க அம்மா பயந்துட்டாங்க. இது என்ன பழக்கம்?" என்று கேட்டாள். கம்பெனியில வளந்த பையன், அப்படித்தான் இருக்கும் என்று சிரித்துச் சமாளித்தேன். போனை வைத்துவிட்டு, அச்சு அடுக்கியிருக்கிற அறைக்குப் போய் உட்கார்ந்து அழுதேன். கடலோரமாக இத்தனை வருஷம் இருந்தும், படித்தும், ஊர் ஊராகப் போயும் நீ அதை விடவில்லை. உன் அப்பா எந்தப் பாத்திரத்தையும் தட்டினவர் இல்லை. அக்காவுக்கு அந்தப் பழக்கம் இருந்ததாக யாரும் சொன்னதில்லை. அது என் கையிலிருந்து உன் கைக்கு வந்தது.

இப்போது நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். பத்திரிகையில் எதையும் மாற்றாதே. குமாரன் என்பதற்கு மேலே இருக்கிற இரண்டு பேரும் சரியான இடத்தில் இருக்கிறார்கள். அது வழிவழியாக வந்தவர்களின் வரிசை, உன் கண்ணும் உன் உயரமும் அக்காவிடமிருந்து வந்தவை, அதில் என் பேரைச் செருகினால் உன் படிப்புக்கும் மரியாதை இல்லை, அவளுக்கும் மரியாதை இல்லை. நல்வரவை விரும்பும் வரிசையில் கடைசியாக என்னைச் சேர்க்க வேண்டும் என்று உனக்குத் தோன்றலாம். அதுவும் வேண்டாம். அந்த வரிசையில் நிற்க எனக்கு மனசில்லை. பிரஸ்காரரை அடிக்கச் சொல்லிவிடு.

ஆனால் மாமாவிடம் நான் சொன்னது பொய். அதற்கென்ன, அதுதானே முறை என்று சொன்னேன் அல்லவா, அது பொய். எனக்குப் பாத பூஜைக்கு மனையில் உட்கார ஆசை. ஜோடி இல்லாமல், பூ வைக்காமல், நான் இருக்கிறபடியே உட்கார ஆசை. பேரெல்லாம் பெற்றவளுக்கே இருக்கட்டும் தம்பி, ஆனால் காலில் ஊற்றுகிற அந்தத் தண்ணீர் என்னுடையது. தண்ணீர்தான் செதுக்குகிறது என்று சொன்னவன் நீ. உன்னையும் என்னையும் ஒரே மாதிரிச் செதுக்கின தண்ணீருக்கு ஒரு சாட்சி வேண்டுமென்றால், அந்தத் தட்டில் என் காலை வைக்கவிடு. சபை பேசினால் பேசட்டும். மாமாவிடம் நீயே சொல், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், கோபித்துக்கொண்டாலும் நான் போய் டீ போட்டுக் கொடுத்துச் சமாதானம் செய்துகொள்வேன். உன்னால் முடியாது என்று தோன்றினால் அதையும் வெளிப்படையாக எழுதிவிடு. சித்தி எப்படியும் சமாளிப்பாங்க என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே.

இன்னொன்று, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். என் குதிகால் வெடிப்பில் கம்பெனி மண் ஏறி வெள்ளையாக இருக்கிறது. கல்லில் தேய்த்தாலும் போகவில்லை, புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை. நீ ஊற்றுகிற தண்ணீரிலும் அது போகாது. பெண் வீட்டார் பார்ப்பார்களே என்று கூச்சப்பட்டு அவசரமாகக் கழுவிவிட்டு எழுந்துவிடாதே தம்பி, நிதானமாகக் கழுவு.

இப்படிக்கு,
சித்தி